இட்லியில் கழன்ற கிரவுன்

ஒன்பது வருடம் முறுக்கு, கடலை உருண்டை எதையும் இடப்பக்கம் வைத்துக் கடிக்காமல் காப்பாற்றிய கிரவுன், அதாவது பல்லுக்குப் போட்ட மூடி, இட்லி சாப்பிடும்போது கழன்றது. 2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமைக் காலை. சிங்கப்பூரில், எங்கள் யீஷூன் வட்டார வீட்டில் அம்மா ஊற்றிய இட்லி, வழக்கம்போலப் பஞ்சாகத்தான் இருந்தது. இரண்டாவது இட்லியில் கல் கடிபட்டதாக நினைத்துத் துப்பினேன். தேங்காய்ச் சட்னியோடு உள்ளங்கையில் கிடந்தது கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் கிரவுன். குழாயில் கழுவிப் பார்த்தேன். வெளியே பீங்கான், போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளத்தது. ஒரு கீறல் இல்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே சாம்பல்நிற உலோகக் கிண்ணம், அதில் ஈரமான மரத்தூள் போலப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை. ஒட்டவைத்த சிமெண்ட் கெட்டுப்போயிருக்கிறது போலும் என்று நினைத்தேன். அது சிமெண்ட் இல்லை, என் பல்.

திங்கட்கிழமை பள்ளியில், ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது உடன் வேலைபார்க்கும் ஒருவர் சட்டென்று சொன்னார்: "அப்பவே பிடுங்கியிருந்தா ஆயிரத்து நூறு வெள்ளி மிச்சம் டீச்சர். கிரவுனெல்லாம் வேஸ்ட்." அவர் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. ஒன்பது வருடம் மென்ற சாப்பாடெல்லாம் கணக்கில் வராதா? அல்லது அவர் சொல்வதுதான் சரியா? பல நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன்.

2013-ல் போட்டது

அந்தப் பல்லில் சின்ன வயதில் அடைத்த பெரிய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. 2013-ல் அதன் ஓரச்சுவர் உடைந்து, சொத்தை நரம்பைத் தொட்டு, மூன்று இரவு தூங்கவில்லை. பல்லின் உள்ளே சுத்தம் செய்து வேரை அடைக்கிற ரூட் கெனால் செய்தார்கள். முடிந்ததும் வலி நின்றுவிட்டது, அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பல் மருத்துவர் விடவில்லை. ரூட் கெனால் செய்யப் பல்லின் நடுவில் துளை போடவேண்டும். ஏற்கெனவே சொத்தை தின்றது போக, மிச்சமிருப்பது மெல்லிய சுவர்கள். முழு உணவையும் அரைக்கிற கடைவாயில் அந்தச் சுவர்கள் ஒருநாள் பிளக்கும், வேர்வரை பிளந்தால் எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். மேலே ஒரு மூடி போட்டால் சுவர்களை அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பானை விரிசல் விடாமல் கழுத்தில் கம்பி கட்டுவது போலத்தான்.

கிரவுன் போடுவதென்றால் பல்லைச் சீவவேண்டும் என்பது பலருக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. மேலே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், சுற்றிலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சீவி முடித்தபின் நாக்கால் தடவினால், பென்சில் முனையைச் சீவி மழுக்கினது போல ஒரு குட்டை முளை. அதன்மேல் இரண்டு வாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தற்காலிக மூடி. பிறகு லேபிலிருந்து வந்த நிஜ மூடி. நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் பதிந்த மேட்டை மட்டும் இம்மி இம்மியாகத் தேய்த்தார். ஒரு தலைமுடி கனம் உயரமாக இருந்தால்கூட வாய்க்கு அது பாறாங்கல் மாதிரி உறுத்தும். மூன்றாவது தடவை கடித்தபோது உறுத்தல் போய்விட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

கிரவுன் என்றால் தமிழில் முடி. நான் அதை ‘முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டேன். பல்லுக்கு மூடி போட்டாச்சு, இனி அதற்குச் சொத்தை வராது, கடினமானதைக் கடிக்காமல் இருந்தால் போதும் என்பது என் புரிதல். அதில் பாதி உண்மை இருந்ததுதான் ஆபத்து. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் சொத்தை வராது. ஆனால் கிரவுன் ஈறுவரைக்கும்தான் போர்த்தியிருக்கிறது. அது முடிகிற விளிம்பில், ஈறு ஓரமாக, என் சொந்தப் பல் திறந்துதான் கிடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள், பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், ஒரு தாளும் தந்தார்கள். முதல் வருடம் போனேன். பிறகு வலி இல்லாதவள் எதற்குப் பல் மருந்தகத்துக்குப் போகவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

வலிக்காத பல்

கழன்ற கிரவுனை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு வேறொரு மருந்தகத்துக்குப் போனேன். அங்கே பார்த்தவர், நிபுணர் ஒருவர் பார்த்தால் நல்லது என்று ஊட்ரமில் இருக்கும் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தார். நிபுணர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நுனி வளைந்த ஊசி போன்ற கருவியை, ஈறோடு ஈறாக நின்ற பல்லின்மேல் மெல்ல வைத்தார். அழுத்தவேயில்லை. பழுத்த வாழைப்பழத்தில் குச்சி இறங்குவது போல அது இறங்கியது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. "வலிக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "வலிக்காது. இந்தப் பல்லில் நரம்பு இல்லையே" என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரூட் கெனால் என்றால் வலியை எடுப்பது என்று நினைத்திருந்தேன். வலியைச் சொல்கிற ஆளையே எடுத்துவிடுவது அது. சாதாரணப் பல்லில் சொத்தை விழுந்தால் ஐஸ் தண்ணீர் கூசும், இனிப்பு சுரீரென்னும், இரவில் குத்தும். ஏதோ ஒரு வகையில் பல் நம்மைக் கூப்பிடும். நரம்பெடுத்த பல் கூப்பிடாது. ஆசிரியர் அறையில் ஒரு குவளைத் தேத்தண்ணியை ஒரு மணிநேரம் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் எனக்கு. ஒவ்வொரு தடவை சர்க்கரை போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலம் சுரந்து, அது அடங்க அரைமணி நேரம்போல ஆகும். அடங்குவதற்குள் நான் அடுத்த வாய் குடித்துவிடுவேன். பல்லின் மேற்பூச்சான எனாமல் ஓரளவு தாங்கும். ஈறு ஓரத்தில், கிரவுனுக்குக் கீழே இருப்பது டென்டின், வேரின் மேற்பரப்பு. எனாமலைக் கரைக்கிற அளவுக்கு அமிலம் ஏறாதபோதே இது கரையத் தொடங்கிவிடும். எவ்வளவு நன்றாகச் செய்த கிரவுன் ஆனாலும் விளிம்பில் இடைவெளி அறவே இல்லாமல் இருக்காது. நூறு மைக்ரான்போல, ஒரு தலைமுடிக் கனத்துக்கு, இருக்கலாம் என்கிறார்கள். நமக்கு அது ஒன்றுமில்லை. ஒரு மைக்ரான் அளவுள்ள கிருமிக்கு அது விரியத் திறந்த வாசல்.

எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். வேர்களுக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நேராக நின்றன. என்ன என்று கேட்டேன். குட்டா பெர்ச்சா என்றார். ‘கெத்தா’ என்றால் மலாயில் மரப்பால், எனக்குத் தெரிந்த சொல். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த வட்டாரக் காடுகளில் வளர்ந்த மரத்தின் பால் அது. மலாய்க்காரர்கள் அதை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். 1840-களில் சிங்கப்பூரில் இருந்த மாண்ட்காமரி என்ற அறுவை மருத்துவர் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்ப, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது உலகம் முழுக்கத் தேவைப்பட்டது. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்ததில் சில ஆண்டுகளில் இந்தத் தீவில் அது அநேகமாக இல்லாமல் போனது. அந்தப் பாலின் சிறு துண்டு ஒன்பது வருடமாக என் தாடைக்குள் துளியும் கெடாமல் இருந்திருக்கிறது. உள்ளே அடைத்தது அப்படியே இருந்தது. மேலே போட்ட கிரவுனும் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த, நான் பார்த்துக்கொள்ள வேண்டிய பல்தான் இல்லை.

மறுபடி கிரவுன் போட முடியாதா என்று கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் வேண்டும், அதைத்தான் கிரவுன் கட்டிப்பிடித்துக்கொள்ளும், உங்களிடம் அது இல்லை என்றார். கோபமில்லாமல், அவசரமில்லாமல் சொன்னார். அடுத்த மாதம் அந்தப் பல்லை எடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ரூட் கெனாலுக்கும் கிரவுனுக்கும் 2013-ல் கைக்காசுதான் கொடுத்தேன். மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து சேர்கிற மெடிசேவ் சேமிப்பைத் தொட முடியவில்லை. பல்லுக்கு அன்று அறுவை சிகிச்சை என்றால்தான் அது திறந்தது. 2022-ல் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் என்கிற செயற்கை வேர் வைக்கத் தாடையில் அறுவை செய்தபோது அதே மெடிசேவிலிருந்து எடுக்க முடிந்தது. பல்லைக் காப்பாற்றக் கைக்காசு, போன பிறகு சேமிப்புப் பணம். விதி எதற்காக அப்படி அமைந்தது என்பது புரிகிறது. ஆனாலும் கையில் காசில்லாத எத்தனை பேரை அது "பிடுங்கிடுங்க" என்று சொல்ல வைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பல்லைத் தக்கவைக்கிற சில சிகிச்சைகளுக்கும், மூத்தோருக்கான ஃபிளெக்சி மெடிசேவைப் பயன்படுத்தலாம் என்று 2025-ல் சுகாதார அமைச்சு அறிவித்ததைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

அம்மாவின் முன்பல்

2023 பிப்ரவரியில் அம்மா எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே படி தடுக்கி விழுந்தார். கைமுட்டியில் சிராய்ப்பு, மேல்வரிசை முன்பல் ஒன்று சரிவாகப் பாதி உடைந்துவிட்டது. நரம்பு வெளியே தெரிந்ததால் ரூட் கெனால் செய்யவேண்டி வந்தது. அதன்பிறகு கிரவுன் என்றார்கள். தம்பி போன் செய்தான். "அக்கா, எழுபத்தஞ்சு வயசுல எதுக்கு இந்த அலைச்சல்? பிடுங்கிட்டுப் பல் செட்டு வச்சிடலாம். நீ போட்டது என்னாச்சுன்னுதான் பார்த்தோமே." அம்மா அவன் கட்சி. "எனக்குப் போட்டு என்னத்தப் பண்ணப்போற, அந்தக் காசுக்குப் பேரனுக்கு எதாவது வாங்கு."

அந்த ‘வேஸ்ட்’ மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. என் கிரவுன் வீணாகவில்லை. உடையவேண்டிய பல்லை ஒன்பது வருடம் அது உடையாமல் பிடித்திருந்தது. அதன் அடியில் இருந்த பல்லை நான்தான் கைவிட்டேன். அம்மாவின் பல்லுக்கு வேர் உறுதியாக இருந்தது, ஈறுக்கு மேல் நல்ல பல் போதுமான அளவு இருந்தது. மருத்துவர் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு இல்லாமல் போனது அம்மாவுக்கு இருக்கும்போது, வயதைச் சொல்லி அதை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பல்லை எடுத்தால் அந்த இடத்தின் தாடை எலும்பு கரையும். செட்டுக்குக் கொக்கி மாட்டவேண்டும் என்று பக்கத்துப் பற்கள்மேல் சுமை ஏறும். எழுபத்தைந்து வயது என்பது முடிகிற வயது இல்லை; அம்மாவின் அம்மா தொண்ணூற்றொன்றுவரை இருந்தார்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொன்னேன். நான் தமிழாசிரியர். தகாரமும் நகாரமும் மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து ஒற்றினால் பிறப்பவை, வகாரம் மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் பிறப்பது என்று பாடம் நடத்துகிறவள். பல் உடைந்த வாரத்தில் அம்மா போனில் "தம்பி" என்றபோது காற்றுதான் வந்தது. பேரனை "வாப்பா" என்று கூப்பிட, அவன் சிரித்துவிட்டான். குழந்தைதானே. அதற்குப் பிறகு அம்மா பேசும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். 1970-ல் ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கிய நாளிலிருந்து புளோக் முழுவதையும் பேசியே உறவாக்கிக்கொண்டவர். தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரிக்கா, பாதி நான் தர்றேன்" என்றான். அம்மாவின் தலைமுறைக்கு அரசு தந்த முன்னோடித் தலைமுறை அட்டைக்கு, அரசு மானியத் திட்டமான சாஸில் சேர்ந்த மருந்தகத்தில் கழிவு கிடைத்ததால் பாதி அவ்வளவொன்றும் பெரிதாக வரவில்லை.

நிறம் பார்த்த நாளை மறக்கமாட்டேன். சாவிக்கொத்து மாதிரி ஒரு வரிசை மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றின் கீழும் ஏ1, ஏ2, பி3 என்று எழுத்து. விளக்கை அணைத்துவிட்டு அம்மாவை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். செயற்கை வெளிச்சம் ஏமாற்றுமாம். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும் என்பதால் அம்மாவை நாக்கால் ஒருமுறை துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகும் உதவியாளர் பெண், "பாட்டி, கொஞ்சம் வெள்ளையாவே போட்டுக்கலாம், அழகா இருக்கும்" என்றாள். அம்மா கண்ணாடியை வாங்கி, பக்கத்துப் பல்லின்மேல் விரலை வைத்தார். "வேணாம்மா. இதோட கூட்டாளி மாதிரியே இருக்கட்டும். அம்பது வருசக் காப்பி குடிச்ச பல்லு." ஏ3.5 என்று குறித்துக்கொண்டார்கள். கிரவுன் வந்து ஒட்டிய அன்று நான் தேடித்தான் கண்டுபிடித்தேன், எது என்று.

இரவு பத்து மணி

இப்போது என் இம்ப்ளான்டின் மேலும் ஒரு கிரவுன் இருக்கிறது. அடியில் பல் இல்லை, டைட்டானியத் திருகுதான், அதனால் சொத்தை இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழற்சி கண்டு எலும்பு கரைந்தால் திருகும் ஆடிவிடும். ஆக, அங்கேயும் விளிம்பைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் தொடக்கப்பள்ளியில் எங்களைச் சாக்கடை ஓரமாக வரிசையாகக் குந்தவைத்து, கையில் பிளாஸ்டிக் குவளையும் பிரஷுமாகப் பல் துலக்கவைப்பார்கள். ஆசிரியர் எண்ண எண்ண, மேலே, கீழே, உள்ளே, வெளியே. குழாய்த் தண்ணீரில் 1950-களின் இறுதியிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிற ஊர் இது. அவ்வளவு கவனமாக வளர்த்த பற்கள். அன்று பிரஷ் எட்டாத இடுக்கை நூல்தான் எட்டும் என்பதை நான் ஒரு பல்லைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையால் வாய் உலர்கிறது. எச்சில் குறைந்தால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அதனால் மருத்துவர் ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பற்பசை எழுதிக் கொடுத்திருக்கிறார். துலக்கியபின் துப்பினால் போதும், கொப்பளிக்கக்கூடாது என்பதற்குப் பழகவே அம்மாவுக்கு ஒரு மாதம் ஆனது. பின்பற்களுக்கு பல்லிடுக்கு பிரஷை அவரே விட்டுக்கொள்கிறார். விரல் நடுங்குவதால் நூல் மட்டும் பிடிபடவில்லை. அது என் வேலை.

இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் சுவரோரம் தலையைச் சாய்த்து உட்காருவார். ஒரு கையில் டார்ச் பிடித்தால் நூலை இழுக்க முடியாது, அதனால் டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிடுவேன். நூல் இரண்டு பல் சேரும் இடத்தைத் தாண்டும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அங்கேயே வெளியே இழுத்துவிடக்கூடாது. கிரவுனை ஒட்டி அணைத்தாற்போல வளைத்து, ஈறுக்குக் கொஞ்சம் உள்ளே இறக்கி, மேலும் கீழும் இரண்டு தடவை. முதல் வாரம் ரத்தம் வந்தது, பயந்தோம். பத்தாம் நாள் நின்றுவிட்டது. நேற்று வேலை அலுப்பில் பல்லின் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டு நூலைச் சுருட்டினேன். வாயைத் திறந்தபடியே, விரலால் பல்லின் மறுபக்கத்தைத் தட்டிக் காட்டினார். அங்கேயும் நூலை விட்டேன். எழுந்து கொப்பளிக்காமல் துப்பிவிட்டு வந்து, டார்ச்சை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு. உன் இடப்பக்கத்தைக் காட்டு."